34 பேரோட பேர வாசிக்க ஆறு நிமிஷம் கூட ஆகாது: நம்ம முன்னாள் படைவீரர் சங்கக் கிளை கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் கேப்டன் சாப், செயலாளர் தம்பி, பொருளாளர், மத்த கமிட்டி மெம்பர்கள் எல்லாருக்கும்,

போன வாரம் ராத்திரி ஒம்போதரைக்கு நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பி.டி.எஃப் வந்துச்சு, "புதிய ஆண்டு நிகழ்ச்சி நிரல்"னு. கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சேன், அப்புறம் பேரன கூப்பிட்டு அவன வாசிக்க சொல்லி கேட்டேன், நான்தான் ஏதோ வரிய விட்டுட்டேனோன்னு. விடல. வீரமரணம் அடைஞ்ச நம்ம தாலுகா ஆளுங்க பேர் வாசிக்கிறது இல்ல. இலங்கைல உயிர விட்டவங்களுக்கான அக்டோபர் நாள் இல்ல. விதவைங்க பென்ஷன் குறைய சொல்ல வர்ற ரெண்டாவது ஞாயிறு ஆபீஸ் இல்ல. கீழ 47 பேர் கைகூப்பு பொம்மையும் கட்டவிரல் பொம்மையும் போட்டிருந்தாங்க. குரூப்ல அட்மினத் தவிர யாரும் எழுத முடியாதுன்னு பூட்டி வச்சிருக்கீங்க, பொம்மை மட்டும்தான் போடலாம், எனக்கு பொம்மை போட மனசு வரல. அதனாலதான் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்க எழுதறேன்.

போன ஜூலைல நீங்க எல்லாத்தையும் ஒரே விழாவா சேத்தத ஒரு தடவைக்குன்னு சொல்லித்தான் செஞ்சீங்க. நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன், புது கமிட்டி, வயசுப் பசங்க, செஞ்சு பாக்கட்டுமேன்னு. இப்ப அந்த ஒரு தடவையையே வருசா வருசம்னு ஆக்கிட்டீங்க. வாய மூடிக்கிட்டு இருந்தது என் தப்பு.

என்ன தெரியாத புது மெம்பர்களுக்கு சொல்லிடறேன். நான் பட்டாளத்துல சப்ளை வண்டி ஓட்டற ஏ.எஸ்.சி டிரைவர், பெங்களூர் சென்டர்ல டிரெயினிங், ஹவில்தாரா பென்ஷன் வந்தவன். பெரிய மெடல் எதுவும் கிடையாது. கையெழுத்து மட்டும் நல்லா இருக்கும், யூனிட்ல பாதி பேருக்கு வீட்டு லெட்டர் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அந்த கையெழுத்துக்காகத்தான் கிளை ஆரம்பிச்ச புதுசுல பழைய தலைவர் சுபேதார் சாப் ஒரு நீட்டு ரெஜிஸ்டர வாங்கி என் கையில கொடுத்து, நம்ம தாலுகால வீரமரணம் அடைஞ்சவங்க பேர் ஒண்ணு விடாம இதுல ஏத்துன்னாரு. ஒன்றரை வருசம் டி.வி.எஸ் ஃபிப்டில ஊர் ஊரா சுத்தினேன். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டரான பி.பி.ஓ, தந்தி, பொட்டியில மடிச்சு வச்ச கடுதாசி, எது கிடைச்சாலும் பாத்து ஏத்தினேன். 1962ல ரெண்டு பேர், 65ல மூணு, 71ல எட்டு, இலங்கைல ஒம்போது, சியாச்சின், கார்கில், காஷ்மீர்ல மத்த வருசங்கள்லன்னு மொத்தம் 34. நம்பர், ரேங்க், பேர், ஊர், வருசம். ஒரு ஆளுக்கு ஒரு வரி.

வாசிக்கிற முறை பழைய ஆளுங்களுக்கு தெரியும். ரோல்கால் மாதிரிதான். பட்டாளத்துல சாயந்திரம் ஃபாலின் பண்ணி பேர் கூப்பிடுவாங்க இல்ல, அதே மாதிரி ஒரு பேர் வாசிப்பேன், அந்த ஊர்க்காரங்க யாராச்சும் ஒருத்தர் எந்திரிச்சு நிப்பாங்க. சொந்தமா இருக்கணும்னு இல்ல, அந்த ஊரா இருந்தா போதும். கடைசி பேர் வாசிச்சு முடிக்கிறப்போ 34 பேர் நின்னுக்கிட்டு இருப்பாங்க. அப்புறம்தான் மௌனம்.

இதுல நான் சொதப்பினதும் உண்டு, அதையும் நானே சொல்லிடறேன், இல்லன்னா வேற யாராச்சும் கீழ வந்து சொல்லுவீங்க. ஒரு வருசம் ரெண்டு பேர் பேரும் ஊரும் ஒண்ணா இருந்ததுல குழம்பி உயிரோட இருக்கிற ஆளோட நம்பர வாசிச்சுட்டேன். மூணாவது வரிசையில இருந்து அவரே எந்திரிச்சு "யோவ், நான் இங்கதான்யா இருக்கேன், பென்ஷன நிறுத்திடாதய்யா"ன்னு சத்தம் போட்டாரு. சபையே சிரிச்சுடுச்சு, செத்துப்போனவரோட தம்பி கூட சிரிச்சாரு. அவர் இன்னிக்கும் என்ன பாத்தா "எமன்"னுதான் கூப்பிடுவாரு.

இப்ப ஜூலை விஷயத்துக்கு வரேன்.

கார்கில் விஜய் திவஸ் 26ஆம் தேதி, அத ஒட்டின ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபம் புடிச்சு குடும்ப விழாவா வச்சீங்க. நல்ல கூட்டம், அத நான் இல்லைன்னு சொல்லல. பசங்களுக்கு ஓவியப் போட்டி, ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தவங்களுக்கு பரிசு, படா கானா மாதிரி சாப்பாடு, எல்லாம் நல்லா இருந்துச்சு. டி.ஜே வேணாம்னும் நான் சொல்ல மாட்டேன், என் பேத்தியே போய் ஆடிட்டு வந்தா. பட்டாளத்துக்காரன் குடும்பத்துக்கு சந்தோஷமா கூடறதுக்குன்னு ஒரு நாள் வேணும், நாம வருசத்துல பத்து மாசம் வீட்ல இல்லாம இருந்தவங்க.

ஆனா அஞ்சலின்னு நிகழ்ச்சி நிரல்ல போட்டிருந்தது பதினொன்றரைக்கு. ஆரம்பிச்சது ஒண்ணேகாலுக்கு. நடுவுல மண்டபத்துக்கு பாதி வாடகை கொடுத்த பிளாட் புரமோட்டருக்கு பொன்னாடை, சாப்பாட்டுக்கு ஸ்பான்சர் பண்ணவருக்கு பொன்னாடை, அவர் மச்சானுக்கு ஒரு பொன்னாடை, ஒவ்வொருத்தரும் மைக் புடிச்சு பேசினாங்க, நான் வாட்ச் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், ஒண்ணே கால் மணி நேரம். அப்புறம் எல்.இ.டி ஸ்கிரீன்ல "வீர வணக்கம்"னு ஒரு படம் போட்டீங்க. சூரியன் மறையற மாதிரி, ஒரு சிப்பாய் துப்பாக்கி புடிச்சுக்கிட்டு நிழலா நிக்கறாப்ல. கேப்டன் சாப், அது நம்ம ஆள் இல்ல. கையில இருந்தது எம்.16, ஹெல்மெட்டும் அமெரிக்காக்காரன் ஹெல்மெட்டு. இன்சாஸும் எஸ்.எல்.ஆரும் தோள்ல தூக்கினவங்க இருநூறு பேர் உக்காந்திருக்கிற ஹால்ல எவனோ ஒரு அமெரிக்காக்காரனுக்கு எந்திரிச்சு நின்னு வணக்கம் வச்சோம். ஒரு நிமிஷ மௌனம்னு சொன்னீங்க, இருவது செகண்டுல மைக்காரர் "உணவு தயார்"னுட்டாரு.

ரெஜிஸ்டர் என் மடியிலயே இருந்துச்சு. யாரும் கூப்பிடல. செயலாளர் தம்பிகிட்ட போய் கேட்டேன். "அண்ணே, 34 பேர் வாசிச்சா போர் அடிக்கும்ணே, பசங்க பசியில இருக்காங்க, எல்லாருக்கும் சேத்துதான மௌனம் வச்சுட்டோம்"னு சொன்னீங்க தம்பி. நீங்க கெட்ட எண்ணத்துல சொல்லலன்னு எனக்கு தெரியும். ஆனா சொன்னது சொன்னதுதான்.

அன்னிக்கு பின்னாடி வரிசையில, கூலர் பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. காலைல ஆறு மணி பஸ் புடிச்சு, ரெண்டு பஸ் மாறி வந்தவங்க. கையில ஒரு துணிக்கடை பை, அதுக்குள்ள துண்டுல சுத்தின ஃபோட்டோ. வருசா வருசம் அக்டோபர்ல கொண்டு வருவாங்க, மேஜை மேல வைப்பாங்க, பேர் வாசிக்கிறத கேப்பாங்க, மறுபடி துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு போவாங்க. இந்த தடவ எல்லாம் சேத்து ஜூலைலன்னு சொன்னதால ஜூலைல வந்திருந்தாங்க. ஃபோட்டோ வைக்க மேஜை இல்ல, மேஜை மேல பரிசுக் கோப்பைங்க இருந்துச்சு. அதனால பையிலயே வச்சிருந்தாங்க.

சாப்பாட்டு பந்திக்கு எல்லாரும் ஓடறப்போ என்கிட்ட வந்தாங்க. "அண்ணே, பேரு வாசிச்சிட்டீங்களா? நான் தண்ணி குடிக்க வெளிய போயிருந்தேன், அந்த நேரத்துல ஆயிடுச்சு போல"ன்னு கேட்டாங்க.

நான் ஆமாம்மா, வாசிச்சிட்டேன்னு சொன்னேன்.

பொய் சொன்னேன் கேப்டன் சாப். எழுவது வயசு நெருங்கற பொம்பள, தண்ணி குடிக்க போனது தன் தப்புன்னு நினைச்சுக்கிட்டு நிக்கறாங்க, அவங்ககிட்ட உங்க வீட்டுக்காரர் பேர நாங்க வாசிக்கவே இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. "யாரு எந்திரிச்சு நின்னாங்க?"ன்னு அடுத்து கேட்டாங்க. அதுக்கும் ஒரு ஆள் பேர சொன்னேன்.

அவங்க வீட்டுக்காரர் நாயக் ரேங்க்ல இருந்தவர், எனக்கு சீனியர், ஒரே பிளட்டூன். அவருக்கு எழுத வராது, அவர் வீட்டுக்கு போட்ட இன்லாண்ட் லெட்டர் எல்லாம் நான் எழுதினது. அந்தம்மா என் மூஞ்ச பாக்கறதுக்கு முன்னாடியே என் கையெழுத்த பாத்தவங்க. 1987 அக்டோபர் கடைசி, இலங்கைல யாழ்ப்பாணம் பக்கம் பலாலில இருந்து ரேஷன் ஏத்திக்கிட்டு கான்வாய் போறோம், அவர் ஓட்டின சக்திமான் லாரி முன்னாடி, நடுவுல ஒரு வண்டி, மூணாவது நான். ரோட்டுக்கு அடியில கண்ணிவெடி வச்சிருந்தாங்க. சத்தம் கேட்டு நான் பிரேக் அடிச்சப்போ மேல போன அரிசி மூட்டை கிழிஞ்சு என் கண்ணாடி மேல அரிசி கொட்டுது, மழை மாதிரி. வைப்பர போட்டேன், என்னத்துக்கு போட்டேன்னு இன்னிக்கும் தெரியல. உடம்ப ஊருக்கு அனுப்ப முடியல, அங்கயே எரிச்சாங்க. 1999 கார்கில் சமயத்துலதான் தேசியக்கொடி போத்தி வீட்டு வாசல் வரைக்கும் பொட்டி கொண்டு வர்றத ஊரே பாத்துச்சு. அந்தம்மாவுக்கு வந்தது ஒரு தந்தி, அப்புறம் ஒரு கறுப்பு டிரங்கு பொட்டி. அதுக்குள்ள ரெண்டு செட்டு துணி, ஷேவிங் கிட்டு, என் கையெழுத்துல பாதி எழுதின ஒரு இன்லாண்டு.

சமாதி இல்ல, சாம்பல் இல்ல. வருசத்துல ஒரு நாள் ஒரு ஹால்ல மைக்ல அவர் பேர், நம்பரோட, ஊரோட ஒலிக்கும். அவங்களுக்குன்னு இருந்த இடம் அது ஒண்ணுதான்.

இப்ப அக்டோபர் நாள ஏன் எடுத்தீங்கன்னு கேட்டதுக்கு கமிட்டில இருந்து ஒருத்தர் போன்ல சொன்னாரு, "தமிழ்நாட்டுல ஐ.பி.கே.எஃப்னு பேனர் போட்டா சர்ச்சை ஆகும், ஸ்பான்சருக்கும் சங்கடம்"னு. சர்ச்சைன்னா என்னன்னு எனக்கு பாடம் எடுக்க வேணாம். 1987 ஜூலை 29ல இலங்கையோட ஒப்பந்தம் போட்டு அமைதி காக்கப் போறோம்னு போன நம்ம படைதான் ஐ.பி.கே.எஃப், அது அக்டோபர்ல சண்டைல இறங்கிடுச்சு. போனது சரியா தப்பான்னு நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு முடிவுக்கு வரல. அங்க சாதாரண சனங்க செத்தாங்க, நம்ம ஆளுங்க குண்டுலயும் செத்தாங்க, அத மூடி மறைச்சு பேசற ஆள் நான் இல்ல. தமிழ் தெரிஞ்சவன்னு என்ன வண்டில இருந்து இறக்கி வீட்டு வாசல்ல நிறுத்தி பேச சொல்லுவாங்க. ஒரு ஆச்சி என்ன மேல கீழ பாத்துட்டு "நீங்கள் தமிழோ தம்பி? அப்ப ஏன் இவையோட வந்தனீங்கள்?"னு கேட்டுது. என்கிட்ட பதில் இல்ல, இப்பவும் இல்ல.

அதனாலதான் நான் வெற்றி விழா கேக்கல. சண்டைய கொண்டாடுன்னு சொல்லல. 1990 மார்ச் 24ல கடைசி பேட்ச் கிளம்பி சென்னை துறைமுகத்துல வந்து இறங்கினப்போ நம்ம மாநில முதலமைச்சர் வரவேற்க வரல, தமிழ் சனங்க செத்த கோவம் அது, அத புரிஞ்சுக்கிட்டோம், தலைய குனிஞ்சு ரயில் ஏறி வந்தோம். ஆனா ஆர்டர் போட்டவங்க கணக்க செத்துப்போன நாயக்கோட தலையில எழுதக் கூடாது இல்லையா. ஆயிரத்துக்கும் மேல நம்ம ஆளுங்க அங்க உயிர விட்டாங்க. டெல்லில 2019 பிப்ரவரி 25ல திறந்த தேசிய போர் நினைவுச்சின்னத்துல 25,000 பேருக்கு மேல கிரானைட்ல ஆளுக்கு ஒரு கல்லா பேர் வெட்டியிருக்காங்க, அதுல அவங்களும் இருக்காங்க. கொழும்பு பக்கத்துல பத்தரமுல்லையில, அந்த நாட்டு மண்ணுலயே அவங்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கு. அங்கெல்லாம் இடம் இருக்கு, நம்ம கிளை நிகழ்ச்சி நிரல்ல ஒரு ஞாயித்துக்கிழமைக்கு இடமில்ல.

ஜூலை பேனர்ல மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் படம் பெருசா போட்டிருந்தீங்க, நல்ல விஷயம். பக்கத்துல திருச்சி மேஜர் சரவணன், மேஜர் முகுந்த் வரதராஜன். ஒண்ணு கவனிச்சீங்களா தெரியல, பரமேஸ்வரன் சாருக்கு பரம் வீர் சக்ரா எதுக்கு கொடுத்தாங்க? 1987 நவம்பர் 25, இலங்கைல. பேனருக்கு அவர் வேணும், அவரோட அதே மாசங்கள்ல அதே தீவுல செத்த நம்ம ஊர் ஒம்போது பேர் சர்ச்சையா? இன்னொண்ணு. அவங்க மூணு பேர் பேரையும் நாடே சொல்லும், ரோட்டுக்கு வைப்பாங்க, ஸ்கூல்ல சொல்லிக் கொடுப்பாங்க, படம் எடுப்பாங்க. நம்ம தாலுகா நாயக்கோட பேர நாம வாசிக்கலன்னா வேற எவனும் வாசிக்க மாட்டான். கிளைன்னு ஒண்ணு எதுக்கு சந்தா வாங்கி நடத்தறோம்?

எல்லாருக்கும் சேத்து மௌனம்னு சொன்னது எனக்கு ஏன் சுருக்குன்னு குத்துச்சுன்னா, இது புதுசு இல்ல. வேலூர் போறப்போ லாங் பஜார் மணிக்கூண்ட எத்தன தடவ தாண்டிப் போயிருக்கோம், அதுல ஒரு கல்வெட்டு இருக்கு, 1914ல ஆரம்பிச்ச சண்டைக்கு இங்கிருந்து இத்தன பேர் போனாங்க, அதுல இத்தன பேர் உயிர விட்டாங்கன்னு. ரெண்டு நம்பர். அவ்வளவுதான், ஒரு பேர் கிடையாது. நம்ம வட ஆற்காட்டுல வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாளத்துக்கு போன ஊருங்க எவ்வளவு, கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே பேர் வந்துடுச்சு, ஆனா அந்த காலத்து ஆளுங்க பேர் யாருக்கு தெரியும்? பேரன் போன்ல ஒண்ணு காட்டினான், ஈராக்ல பாஸ்ரான்னு ஒரு இடத்துல அந்த சண்டைல செத்த 40,000 பேருக்கு மேல ஒரு நினைவுச்சின்னம் வெள்ளைக்காரன் கட்டியிருக்கான். வெள்ளைக்கார சிப்பாய்ங்க பேர் எல்லாம் செவத்துல வெட்டியிருக்கு. இந்திய ஆபீசருங்க பேர் இருக்கு. இந்திய சிப்பாய்ங்களுக்கு மட்டும் எண்ணிக்கை. பட்டாளத்து பேர போட்டு பக்கத்துல "இத்தன பேர்". 2021ல அந்த நினைவுச்சின்னத்த பாத்துக்கற காமன்வெல்த் போர்க்கல்லறை கமிஷனே விசாரிச்சு, ஆமா நாங்க செஞ்சது ஓரவஞ்சனைதான்னு மன்னிப்பு கேட்டுச்சு. அவங்க நூறு வருசம் கழிச்சு தப்புன்னு ஒத்துக்கிட்டத நாம இப்ப புதுசா, எல்.இ.டி ஸ்கிரீன் வச்சு ஆரம்பிச்சிருக்கோம்.

34 பேர். நேத்து ராத்திரி வீட்ல உக்காந்து வாட்ச் வச்சு வாசிச்சேன், ஒரு பேருக்கு பத்து செகண்டு, ஆள் எந்திரிக்கிற நேரத்தையும் சேத்து. அஞ்சு நிமிஷம் நாப்பது செகண்டு. அந்த மச்சானுக்கு பொன்னாடை போத்தி ஃபோட்டோ எடுத்த நேரம் கூட இதவிட ஜாஸ்தி.

ரெண்டாவது ஞாயிறு விஷயம் இதவிட சின்னதா தெரியும், ஆனா அதுலதான் நேரடியா வயித்துல அடி விழுது. மாசம் ஒரு நாள் காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் ஆபீஸ் திறந்து வைப்போம், ரெண்டு மூணு பேர் உக்காருவோம், டீக்கு உண்டியல் காசு. யார் வருவாங்கன்னு புது கமிட்டிக்கு தெரியாது, ஏன்னா நீங்க யாரும் வந்து உக்காந்ததில்ல, மன்னிக்கணும், உண்மைய சொல்றேன். வர்றதுல முக்கால்வாசி விதவைங்க. ஸ்பர்ஷ்ங்கற பட்டாளத்து பென்ஷன் ஆன்லைன் சிஸ்டத்துல லைஃப் சர்ட்டிபிகேட் ஏறலன்னு பென்ஷன் நின்னுபோனவங்க. பி.பி.ஓல ஒரு பேர், ஆதார்ல ஒரு பேர்னு இருக்கறவங்க. பட்டாளத்து பதிவான பார்ட் டூ ஆர்டர்ல பொண்டாட்டி பேரே ஏறாம புருஷன் போய்ச் சேந்துட்டவங்க. முன்னாள் படைவீரர் குடும்ப வைத்தியத்துக்கான ஈ.சி.எச்.எஸ் கார்டு எப்படி வாங்கறதுன்னு தெரியாம சுகருக்கும் பிரஷருக்கும் கை காச செலவு பண்றவங்க. போன வருசம் ஒரு அம்மா வந்தாங்க, மூணு மாசமா பணம் வரல, பேங்க்ல போய் கேட்டா எங்க கையில இல்ல ஸ்பர்ஷ்ல கேளுன்றாங்க, ஸ்பர்ஷ்னா யாருன்னு அந்தம்மா கேக்குது, அது ஏதோ ஆபீசர் பேர்னு நினைச்சுக்கிட்டு "அந்த ஸ்பர்ஷு சாரு எங்க உக்காருவாரு"ன்னு. சிரிக்காதீங்க. பேருக்கு பின்னாடி "அம்மாள்"னு ஒரு இடத்துல இருக்கு, இன்னொரு இடத்துல இல்ல, அவ்வளவுதான் பிரச்சினை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மூணு தடவ நடந்து, ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி, நாலு மாசத்துல சரியாச்சு.

இதுக்கு பதிலா நீங்க போட்டிருக்கிறது: "குறைகளை வாட்ஸ்அப்பில் தெரிவிக்கவும், தேவைப்பட்டால் முன் அனுமதி பெற்று அலுவலகம் வரலாம்." அந்தம்மாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு.

மத்தபடி நீங்க கொண்டு வந்ததுல நல்லது இருக்கு. வெலிங்டன் டூர் சூப்பர், மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆளுங்க சென்டர் கேட்டுக்குள்ள போனதும் வயச மறந்து "அடி கொல்லு அடி கொல்லு"ன்னு கத்தினது இன்னும் காதுல இருக்கு. கொடி நாளுக்கு டிசம்பர் 7ல ஸ்கூல் ஸ்கூலா போய் பசங்ககிட்ட பேசறது, பொங்கலுக்கு கோலப்போட்டி, கண் டெஸ்ட் கேம்ப், ஜனவரி 14 வெட்டரன்ஸ் டேக்கு எண்பது வயசு தாண்டினவங்கள வீட்ல போய் பாக்கறது, எதையும் கை வைக்க வேணாம். யாராச்சும் போய்ச் சேந்தா மெடல் போட்டுக்கிட்டு போய் மாலை வச்சு வரிசையா நிக்கறோமே, அதுவும் இந்த நிரல்ல இல்ல, ஆனா அது எழுதி வச்சு செய்யற வேலை இல்லன்னு விட்டுட்டேன். 2016 பிப்ரவரில சியாச்சின் பனிச்சரிவுல 19ஆவது மெட்ராஸ் பட்டாலியன் ஆளுங்க 10 பேர் செத்துப்போனப்போ அதுல ஒருத்தர் நம்ம வேலூர் மாவட்டம்னு தெரிஞ்சதும் யாரும் மெசேஜ் போடாமலே நம்ம ஆளுங்க வேன் புடிச்சு கிளம்பல? அந்த கிளைதான் இது. அந்த வேன்ல செயலாளர் தம்பி நீங்களும் இருந்தீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு, திரும்பி வர்றப்போ யாரும் பேசல.

இப்ப எனக்கு என்ன வேணும்னு நேராவே சொல்லிடறேன்.

அஞ்சலின்னு எந்த நிகழ்ச்சி வச்சாலும், ஜூலையோ 71 போர் வெற்றி நாளான டிசம்பர் 16ஓ, மண்டபமோ மரத்தடியோ, 34 பேரும் வாசிக்கணும், சாப்பாட்டுக்கு முன்னாடி, பொன்னாடைக்கு முன்னாடி. நான்தான் வாசிக்கணும்னு இல்ல, எனக்கு இப்ப குரல் கம்முது, சின்ன பசங்க யாராச்சும் வாசிக்கட்டும், சொல்லித் தரேன். ஃபோட்டோ வைக்க ஒரு மேஜை, வெள்ளைத் துணி போட்டு, அதுல கோப்பை வைக்கக் கூடாது. முன் வரிசை வீட்டம்மாங்களுக்கு, ஸ்பான்சருக்கு ரெண்டாவது வரிசை போதும். ஸ்கிரீன்ல படம் போட்டே ஆகணும்னா என்கிட்ட 34ல 22 பேரோட ஃபோட்டோ இருக்கு, பேரன் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கான், வாங்கிக்கோங்க.

அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமைய திருப்பிக் கொடுங்க. பேனர் வேணாம், மைக் செட் கூட வேணாம், நம்ம ஆபீஸ் ரூமே போதும், ஸ்பான்சர் பேர் எங்கயும் வராது, அவருக்கு எந்த சங்கடமும் இருக்காது. யாராச்சும் வந்து சண்டை போட்டா நான் பேசிக்கறேன், அந்த ஆச்சிக்கு சொல்லாத பதில அவங்களுக்காச்சும் சொல்லப் பாக்கறேன். அங்க செத்த சனங்களுக்கும் சேத்து மௌனம் வைக்கலாம்னு நான் முன்னாடியே ஒரு தடவ சொன்னேன், மினிட் புக்ல கூட ஏறல, அத இப்ப மறுபடி கேக்கறேன்.

ரெண்டாவது ஞாயிறு ஆபீஸ திறங்க. அனுமதி கினுமதி எதுவும் கூடாது, வர்ற அம்மா நேரா உள்ள வந்து உக்காரணும். கமிட்டில இருந்து மாசம் ஒருத்தராச்சும் முறை வச்சு வாங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளா இருந்தா இன்னும் நல்லது, நாங்க கிழவனுங்க ஓ.டி.பி வர்றதுக்குள்ள கண்ணாடி தேடிக்கிட்டு இருக்கோம். இதெல்லாம் முடியாதுன்னா பொதுக்குழு கூட்டி, ஏன் முடியாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, ஓட்டு எடுங்க, மினிட் புக்ல எழுதுங்க. பி.டி.எஃப் அனுப்பி முடிச்சுக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, இது தனியா கேப்டன் சாபுக்கு. அந்த துணிக்கடைப் பை அம்மாகிட்ட நான் பொய் சொன்னத நானே போய் சொல்லணும், தனியா போக எனக்கு தைரியம் இல்ல. நீங்களும் கூட வரணும்.

வர்ற ரெண்டாவது ஞாயிறு காலைல பத்து மணிக்கு ரெஜிஸ்டர எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வரேன். சாவி பொருளாளர்கிட்ட இருக்கு. திறந்து வைக்க சொல்லுங்க.